கல்லை மெருகேற்ற: உருளும் பீப்பாயா, அதிரும் கிண்ணமா?

கல் மெருகேற்றும் இயந்திரம் முதல்முறை வாங்குகிறீர்களா? பீப்பாய் படுத்தபடி மெதுவாக உருளும் வகையையே எடுங்கள். ஆற்றங்கரையில் பொறுக்கிய அகேட், ஜாஸ்பர் கற்களின் முனைகளை மழுக்கி உருண்டையாக்க இதுதான் சரி. பொறுமை மட்டும் வேண்டும்: 60/90 அளவு சிலிக்கான் கார்பைடு என்ற தேய்ப்புத் தூளில் தொடங்கி, 120/220, 500 (எண் கூடக் கூடத் தூள் நயமாகும்), கடைசியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு தூள் என நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு வாரம். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்காவது கல் இருக்கட்டும். குறைந்தால் கற்கள் விழுந்து மோதி விரிசல் விடும். ராத்திரி பகலாக ஓடும் என்பதால் ரப்பர் பீப்பாயாகப் பாருங்கள், சத்தம் குறைவு. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் நன்றாகக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் பழைய தூள் கொஞ்சம் போதும், மெருகில் கீறல் விழும். அப்புறம், கழுவும்போது வரும் கல்லும் தூளும் கலந்த சேற்றைச் சிங்க்கில் ஊற்றவே கூடாது. குழாய்க்குள் சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

அதிரும் கிண்ணம் வேகமானது. நயமான தூள் போடும் கட்டங்களைச் சில நாட்களில் முடித்துவிடும். கல்லின் வடிவமும் அதிகம் மாறாது, அதனால் வெட்டிய துண்டுகளுக்கு ஏற்றது. ஆனால் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீர் சீக்கிரம் வற்றும், அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். கரடுமுரடான கல்லை இது உருண்டையாக்கித் தராது. முதல் கட்டத்தைப் பீப்பாயில் முடித்துவிட்டு மீதியை இதில் போடுபவர்களும் உண்டு.