‘நம்பர் எல்லாம் மேட்ச்’ என்று விற்ற விக்டரி ரிவால்வர்: 1,150 டாலர் போச்சு

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய ரிவால்வர் சேகரிக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால், அடுத்த ஏலத்தில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தது, கை படாதது என்று சொல்லி 1,150 டாலருக்கு ஒரு ரிவால்வரை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பேரல் வெட்டியது, தோட்டா நிற்கும் சிலிண்டர் குடைந்தது, மேல்பூச்சு புதிது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மாடல், ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரி. போருக்காக 1942 முதல் 1945 வரை செய்தார்கள். சீரியல் நம்பருக்கு முன்னால் ‘வி’ என்ற எழுத்து இருக்கும். அமெரிக்கக் கடற்படைக்குப் போனவை பெரும்பாலும் 4 அங்குல பேரல், .38 ஸ்பெஷல் தோட்டா. பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் போனவை 5 அங்குல பேரல், .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா. இரண்டும் பெயரில்தான் அண்ணன் தம்பி. எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா குட்டை, கொஞ்சம் பருமன். ஸ்பெஷல் நீளம், ஒல்லி. போர் முடிந்த பிறகு பிரிட்டன் பக்கத்துத் துப்பாக்கிகள் உபரிச் சரக்காக இங்கே திரும்பி வந்தன. வியாபாரிகள் சிலிண்டர் அறைகளை ஸ்பெஷல் தோட்டா போகிற அளவுக்குக் குடைந்து, பேரலையும் வெட்டி, தபாலிலேயே விற்றுத் தள்ளினார்கள். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துதான் அந்தத் தபால் வியாபாரம் நின்றது. அப்படி மாற்றியது என்று சொல்லி, அதற்குத் தகுந்த விலைக்கு விற்றால் நான் ஏன் பேசப் போகிறேன்?

எனக்கு விற்றவர் பழைய துப்பாக்கி மட்டுமே விற்கும் வியாபாரி, பெரிய ஏலத் தளம் ஒன்றில். ‘கடற்படை விக்டரி, 4 அங்குலம், ஒரிஜினல் பூச்சு, எல்லா நம்பரும் மேட்ச்’ என்று போட்டிருந்தார். பணம் அனுப்புவதற்கு முன் போன் செய்தேன். பேரல் ஃபேக்டரியில் இருந்து வந்தபடியே இருக்கிறதா, யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று நேராகவே கேட்டேன். மனிதர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. தன் அப்பா கடற்படையில் இருந்ததையும், சின்ன வயதில் இதே மாதிரி ஒன்றைத் தொட்டுப் பார்த்ததையும் சொன்னார். போனை வைத்த கொஞ்ச நேரத்தில் படங்கள் வந்தன: பிடியின் அடியில் இருக்கும் நம்பர், பேரலின் அடியில் இருக்கும் நம்பர், சிலிண்டரின் பின்முகத்து நம்பர். மூன்றும் ஒன்றே. “வேறு எந்தச் சந்தேகம் இருந்தாலும் எந்நேரமும் கூப்பிடுங்கள், நான் விற்றுவிட்டு ஓடுகிற ஆள் இல்லை” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் 1,150 டாலருக்கு மணி ஆர்டர் எடுத்தேன்.

லைசென்ஸ் உள்ள உள்ளூர் டீலரிடம் வந்து சேர்ந்தது. படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கின் கீழே லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்பக்க சைட்டின் (குறிபார்க்கும் முனையின்) அடியில் முடி அளவுக்கு ஒரு வெள்ளிக் கோடு ஓடியது. போர்க்கால விக்டரியில் அந்த அரைவட்ட சைட் பேரலோடு ஒரே இரும்பில் வருவது. பேரலின் நுனியை வெட்டி, சைட்டைத் திரும்ப ஒட்டியிருந்தால் ஒழிய அங்கே பற்றவைத்த கோடு இருக்க வழியே இல்லை. அப்புறம் பேரலைத் திருப்பினேன். வலது பக்கத்தில் தோட்டாவின் பெயர் பொறித்திருக்கும். வியாபாரி அனுப்பிய படங்களில் அந்தப் பக்கம் மட்டும் வெளிச்சம் பட்டுக் கூசிப்போயிருந்தது. நேரில் பார்த்தால் எழுத்தின் ஓரங்கள் எல்லாம் தேய்ந்து வழுவழு என்றிருந்தன, ஆனால் படிக்க முடிந்தது: .38 எஸ் அண்ட் டபிள்யூ. ஸ்பெஷல் என்ற சொல்லே இல்லை. சிலிண்டரின் பள்ளங்களுக்கு நடுவே பாலிஷ் போட்டும் போகாமல் ஒரு கிரீடத்தின் நிழல் தெரிந்தது. சுட்டுச் சோதித்ததற்கு அடையாளமாகப் பிரிட்டனில் குத்தும் ப்ரூஃப் முத்திரை. அமெரிக்கக் கடற்படைத் துப்பாக்கியில் பிரிட்டிஷ் கிரீடத்துக்கு என்ன வேலை?

துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் கொண்டுபோனேன். பருமனான எஸ் அண்ட் டபிள்யூ காலி உறை ஒன்றை எடுத்து அறைக்குள் விட்டார். தடையே இல்லாமல் உள்ளே போனது. சரியான ஸ்பெஷல் அறையாக இருந்தால் அது வாயிலேயே நின்றிருக்கும் என்றார். பின்பாதி பழைய அறை, முன்பாதி மட்டும் பிறகு குடைந்தது. இதில் ஸ்பெஷல் சுட்டால் உறை உப்பும், சில சமயம் பிளந்தும் போகும்.

இதில் என்னை மிகவும் எரிய வைப்பது என்ன தெரியுமா? அந்த மூன்று நம்பரும் உண்மை. வெட்டிய பேரல் அதே துப்பாக்கியின் பேரல், குடைந்த சிலிண்டரும் அதே துப்பாக்கியினுடையது. அதனால் நம்பர் பொருந்தத்தான் செய்யும். நம்பர் பொருந்தினால் உறுப்புகள் ஒன்றாகவே இருந்திருக்கின்றன என்று அர்த்தம். யாரும் அரம் போடவில்லை என்று அர்த்தமில்லை. 5 அங்குலத்தை 4 ஆக்கினால் காலி உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியைப் பிடிக்கும் கீழ்க்குமிழ்கூட அப்படியே நிற்கும், பார்வைக்கு எதுவும் தெரியாது. இது அந்த வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நம்பரை மட்டும் படம் எடுத்து அனுப்பினார்.

எந்நேரமும் கூப்பிடச் சொன்னவர் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. மின்னஞ்சலுக்கு வந்த முதல் பதில்: சரிபார்த்துத் திருப்பி அனுப்பும் காலம் டீலர் கைக்குப் பெட்டி வந்த அன்றே தொடங்கிவிட்டது, முடிந்தும் விட்டது. படங்களோடு மறுபடி எழுதினேன். தான் கன்ஸ்மித் இல்லை, தனக்கு வந்ததை வந்தபடி விற்றதாகச் சொன்னார். மூன்றாவது பதில்தான் உச்சம்: பேரலை நானே வெட்டியிருக்கலாமாம்! ஏலத் தளமோ, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நாங்கள் வரமாட்டோம் என்று ஒரே வரியை வெட்டி ஒட்டி அனுப்புகிறது. மணி ஆர்டர் பணமாகிவிட்டது, நிறுத்த முடியாது. 1,150 டாலர். கன்ஸ்மித் மதிப்பில் இதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. மணி ஆர்டர் தபாலில் போனதால் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பேரலின் வலது பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் கேளுங்கள். முன்பக்க சைட்டின் அடி, பேரலின் வாய், சிலிண்டரின் வெளிப்பக்கம், அதையும் கேளுங்கள். ஸ்மித் அண்ட் வெஸன் வரலாற்று அறக்கட்டளை தரும் கடிதத்தில் எந்த பேரல் நீளத்தில், யாருக்கு அனுப்பினார்கள் என்று இருக்கும். விலை அதிகம் சொல்பவரிடம் அந்தக் கடிதத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். வேறு பழைய ஸ்மித் அண்ட் வெஸன் மாடலில் நிக்கல் பூச்சு என்றால் ஹாமரையும் டிரிக்கரையும் பாருங்கள், அவையும் நிக்கலாகப் பளபளத்தால் பூச்சு பெரும்பாலும் ஃபேக்டரியுடையது அல்ல. மணி ஆர்டர் வேண்டாம், கார்டில் கட்டுங்கள். ஏற்கெனவே விக்டரி வைத்திருப்பவர்கள், பேரலில் ஸ்பெஷல் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்பெஷல் தோட்டா போட வேண்டாம்.