பாலடைனா, கோலே ஓப்பியோவா? ரோமில் இரண்டு குன்றுகள்

ரோமில் கொலோசியத்துக்குத் தென்மேற்கே பாலடைன் குன்று. வடகிழக்கே கோலே ஓப்பியோ பூங்கா. இரண்டிலும் மரநிழல் உண்டு, இடிபாடுகள் உண்டு, காட்சியும் உண்டு. கையில் ஒரு அரை நாள்தான் இருக்கிறது என்றால் எதில் ஏறுவது?

முதல் முறை போகிறவர்களுக்குப் பாலடைன்தான். கொலோசியம், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரம், பாலடைன் மூன்றுக்கும் சேர்த்தே டிக்கெட் விற்கிறார்கள். அதனால் தனிச் செலவு இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஃபர்னேசே குடும்பம் அமைத்த தோட்டத்தின் விளிம்பில் நின்றால் ஃபோரம் முழுவதும் காலடியில் விரியும். எதிரே மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பழைய பொது மண்டபத்தின் மூன்று பெரிய வளைவுகள் தெரியும். அதன் அடியில்தான் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேர நாட்டுத் துறைமுகங்களிலிருந்து போன மிளகு வந்து சேர்ந்த இடம் அது. நம்மூர்க்காரர்கள் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கலாம். தெற்கு விளிம்புக்குப் போனால் தேரோட்டம் நடந்த சர்க்கஸ் மாக்சிமஸ் தெரியும். கூட்டமும் வெயிலும்தான் சிரமம். கோடையில் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.

கோலே ஓப்பியோவுக்கு டிக்கெட்டே கிடையாது. உள்ளூர்க்காரர்கள் நாயோடு நடக்கும், பிள்ளைகள் பந்து விளையாடும் சாதாரணப் பூங்கா. பராமரிப்பு சுமார்தான், இருட்டிய பிறகு தனியாகப் போக நான் சொல்லமாட்டேன். ஆனால் கொலோசியத்தின் வெளிச்சுவர் நான்கு அடுக்கும் சிதையாமல் நிற்பது வடக்குப் பக்கத்தில்தான். பூங்காவிலிருந்து தெரிவதும் அந்தப் பக்கமே. பாலடைனிலிருந்து பார்த்தால் அந்த உயரம் இவ்வளவு நிறைவாகக் கிடைக்காது.

பூங்காவின் உண்மையான செல்வம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கி.பி. 64இல் ரோமை எரித்த தீவிபத்துக்குப் பிறகு பேரரசர் நீரோ கட்டிய பொன்மாளிகையான டோமுஸ் ஆரியாவின் ஒரு பகுதி அங்கே புதைந்து கிடக்கிறது. பின்னால் வந்த பேரரசர் டிராஜன் அதை மண்ணால் நிரப்பி, மேலே பெரிய குளியல் வளாகம் கட்டினார், 109இல் திறந்தார்கள். இன்று புல்வெளியில் நிற்கும் செங்கல் அரைவட்டச் சுவர்கள் அதன் மிச்சம்தான். நீரோவின் நினைவை மூட நினைத்த அந்த மண்தான் மாளிகையின் சுவர் ஓவியங்களைக் காத்தது. மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள், ரஃபேல் உட்பட, மேலிருந்து துளை வழியாக இறங்கி அவற்றைப் பார்த்தார்கள். ஆனால் பூங்காவின் மண்ணும் மரவேர்களும் மழைநீரும் இப்போது கீழே உள்ள கூரையை வருத்துகின்றன. 2010இல் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. மேலே நிழல் தரும் மரமே கீழே சேதம் செய்கிறது என்பது தெரிந்த பிறகு, இந்தப் பூங்காவை வெறும் நடைபாதையாகப் பார்க்க முடியவில்லை.

காட்சிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் பாலடைன் ஜெயிக்கும். ஆனால் ரோமுக்கு இரண்டாம் முறை போகிறவர்கள், வரலாற்றில் ஊறியவர்கள் கோலே ஓப்பியோவுக்கே போகவேண்டும் என்பேன். டோமுஸ் ஆரியாவுக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள். எல்லா நாளும் திறப்பதில்லை என்பதால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். உள்ளே நல்ல குளிர். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.