ராக்கெட்டா, தீயா, மருந்தா: டீம் ஃபோர்ட்ரெஸ் 2-இல் முதல் கிளாஸ் எது?

இரண்டு டீம்கள் சுட்டு மோதும் ஆன்லைன் கேமான டீம் ஃபோர்ட்ரெஸ் 2-ஐ முதல்முறை திறந்ததும் ஒன்பது கிளாஸ்கள், அதாவது ஆளுக்கொரு ஆயுதமும் வேலையும் கொண்ட பாத்திரங்கள், வரிசைகட்டி நிற்கும். 2007-இல் வந்த கேம், 2011 முதல் இலவசம். எதிர் டீமில் பத்து வருடமாக இதையே ஆடுகிற ஆட்கள் இருப்பது சகஜம். அவர்கள் நடுவே போய் நிற்கிற புதுமுகத்துக்கு எல்லாச் சூழலுக்கும் ஒத்துப்போகிற கிளாஸ் எது?

ஸ்பை, ஸ்னைப்பர் இரண்டையும் முதல் மாதம் தொட வேண்டாம். ஹெவிக்கு 300 ஹெல்த் (சாவதற்கு முன் தாங்கக்கூடிய அடியின் அளவு) உண்டு, சுடுவதும் சுலபம். ஆனால் நடை ஆமை நடை. முன்வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் சண்டையே முடிந்திருக்கும். மிச்சத்தில் நான் ஒப்பிட விரும்புவது சோல்ஜர், பைரோ, மெடிக், இன்ஜினியர். என் அளவுகோல் ஒன்றுதான்: தாக்கும் முறையிலும் தடுக்கும் முறையிலும், குறி தப்பிக்கொண்டே இருக்கும் நாளிலும், கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

சோல்ஜருக்கு 200 ஹெல்த். லாஞ்சரில் நாலு ராக்கெட், கையிருப்பில் இன்னும் இருபது. ராக்கெட் ஆளின் மேல் படவேண்டியதில்லை, காலடியில் வெடித்தாலே போதும். குறி பழகாத கைக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது. தரையைப் பார்த்துச் சுடு என்று யாராவது முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். ராக்கெட் தீர்ந்தால் ஷாட்கன் இருக்கிறது. நாலு ராக்கெட்டையும் திரும்ப நிரப்ப மூன்று நொடிக்கு மேல் ஆகும், புதியவர்கள் சாவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். சுவர் மறைவுக்கு வந்து நிரப்புகிற பழக்கம் வந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம் ராக்கெட் ஜம்ப். காலடியில் சுட்டு மேலே தாவினால் சொந்த ஹெல்த்தே முப்பது, நாற்பது போகும். ஆனால் நடையில் மந்தமான சோல்ஜர் அந்த ஒரு தாவலில் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். இதை முதல் வாரமே கற்க வேண்டும் என்றில்லை. கற்காமலே ஆடலாம், கற்றால் அதே கிளாஸ் வேறு கிளாஸாக மாறிவிடும். ஆறு பேர் டீமாக ஆடும் போட்டிகளில் வழக்கமாக இரண்டு சோல்ஜர் இருப்பார்கள். ஒருவர் மெடிக்கை ஒட்டியே நிற்பார், இன்னொருவர் பக்கவாட்டில் சுற்றுவார். ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு இரண்டு வேலை.

பைரோவைத்தான் நிறையப் பேர் முதலில் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான். ஓடு, பட்டனை அழுத்து, எதிரி எரிவான். முதல் நாள் ஜாலியாகவே இருந்தது. இரண்டாம் நாள்தான் புரிந்தது, தூரத்தில் நிற்பவனிடம் இந்தத் தீ எட்டாது. 175 ஹெல்த்தோடு திறந்த வெளியில் ஓடிவருகிறவனை ஹெவி நின்ற இடத்திலேயே கரைத்துவிடுவார்.

இத்தனைக்கும் பைரோ மோசமான கிளாஸ் இல்லை. தீ அவருடைய சின்ன வேலை, பெரிய வேலை காற்று. வலது பட்டனை அழுத்தினால் வரும் காற்று, பாய்ந்து வரும் ராக்கெட்டை எய்தவனிடமே திருப்பி அனுப்பும், நண்பன் மேல் எரியும் தீயை அணைக்கும், சாகாவரம் பெற்று வரும் எதிரியைத் தள்ளிவிடும். ஒரு முறைக்கு 200-இல் 20 எரிபொருள் செலவு. ஆனால் ராக்கெட்டைத் திருப்ப அது வரும் நேரத்தைக் கணிக்க வேண்டும். அந்தக் கணிப்பு வருவதற்கு, ராக்கெட் விடுகிறவன் எப்போது விடுவான் என்று தெரிந்திருக்க வேண்டும். அதாவது கொஞ்ச நாள் சோல்ஜராக இருந்திருக்க வேண்டும். சுலபமாகத் தெரிகிற பைரோவை நான் இரண்டாவதாக வைப்பதற்கு அதுதான் காரணம். இன்ஜினியர் பக்கத்தில் நின்று, மாறுவேடத்தில் வரும் ஸ்பைகளைத் தீயால் தடவிப் பார்க்கிற காவல் வேலையைப் புதிய பைரோவும் செய்யலாம். யாரும் பாராட்ட மாட்டார்கள், ஆனால் டீமுக்கு ரொம்ப உதவும்.

மெடிக்குக்குக் குறியே வேண்டாம். குணப்படுத்தும் கதிரை டீம் ஆள் ஒருவர் மேல் மாட்டிவிட்டால் நொடிக்கு 24 ஹெல்த் ஏறும், கொஞ்ச நேரம் அடிபடாமல் இருந்தவருக்கு 72 வரை. இயல்பான அளவைத் தாண்டி ஒன்றரை மடங்கு வரை ஏற்றலாம், 300 ஹெவி 450 ஆவார். குணப்படுத்தக் குணப்படுத்த ஏறும் மீட்டர் நிரம்பியதும் அதை இயக்கினால் இருவருக்கும் எட்டு நொடி எந்த அடியும் படாது. அனுபவசாலி ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்று மேப்பைப் படிப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. குறை என்னவென்றால், முன்னால் நிற்பவர் கெட்டிக்காரரா என்பது நம் கையில் இல்லை. தப்பான ஆளோடு போனால் இருவருக்கும் சேர்ந்தே சங்கு.

இன்ஜினியரைச் சுருக்கமாக முடிக்கலாம். தடுக்கும் பக்கத்தில் அருமை. கட்டுவதற்கான 200 உலோகத்தோடு கிளம்புவார், தானாகச் சுடும் துப்பாக்கியான சென்ட்ரிக்கு 130 போய்விடும், ஹெல்த்தும் தோட்டாவும் தரும் டிஸ்பென்சருக்கு 100 வேண்டும், ஆக வழியில் பொறுக்கியே தீர வேண்டும். தாக்கும் பக்கம் வந்ததும் கதை மாறுகிறது. அப்வார்ட் மாதிரி மேப்பில் தாக்கும் டீம் தள்ளிக்கொண்டு போகும் வண்டி முன்னே உருண்டு போய்க்கொண்டே இருக்கும், கட்டியதெல்லாம் பின்னால் நிற்கும். அப்போது நுழைவாயிலுக்கு 50, வெளிவாயிலுக்கு 50 கொடுத்து, டீமை நொடியில் முன்னே கொண்டுவரும் டெலிபோர்ட்டர் வைப்பதுதான் உருப்படியான வேலை.

நம்மூரிலிருந்து ஆடுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பக்கத்தில் சர்வர் கிடைக்காமல் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்) எகிறும் இரவுகளில் ராக்கெட் அரை மனதோடு கிளம்பும். தோட்டாக்களுக்கு இந்தக் கேம் தாமதத்தை ஈடுகட்டும், ராக்கெட்டுக்கு ஈடுகட்டாது. சென்ட்ரிக்கு அந்தக் கவலையே இல்லை, அது சர்வரிலேயே குறிபார்த்துச் சுடும். மெடிக்கின் கதிரும் மாட்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பிங் நன்றாக இருந்தால் சோல்ஜர், சொதப்பினால் மெடிக், தடுக்கும் முறை வந்தால் இன்ஜினியர். வாலரன்ட் என்ற இன்னொரு ஷூட்டிங் கேமைப் போலத் தேர்ந்தெடுத்த ஆளோடு கடைசிவரை மாரடிக்க வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கிளாஸை மாற்றிக்கொள்ளலாம், அதற்கான பட்டன் காற்புள்ளி.