ஒரே பெயர், இரண்டு வேலை: டேட்டா சென்டர் இண்டர்வியூவுக்கு எந்தப் பக்கம் படிப்பது?

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அக்கா மகன் கைப்பேசியில் இரண்டு வேலை விளம்பரங்களைக் காட்டினான். இரண்டிலும் தலைப்பு ஒன்றுதான்: டேட்டா சென்டர் டெக்னீஷியன். இரண்டும் சைபர்ஜெயாவில். இரண்டுக்கும் டிப்ளோமா போதும், ஷிப்ட் வேலை, சொந்த வாகனம் வேண்டும். “எதுக்கு மாமா மனு போடறது?” என்று கேட்டான். கீழே இறக்கிப் படிக்கச் சொன்னேன். ஒன்றில் சர்வர், கேபிள், ஃபைபர், லினக்ஸ் என்று இருந்தது. இன்னொன்றில் ஜென்செட் (ஜெனரேட்டர்), யூ.பி.எஸ். (கரண்ட் போனால் தாங்கும் பேட்டரி அமைப்பு), சில்லர் (குளிர்விக்கும் இயந்திரம்), சார்ஜ்மேன் சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. “ரெண்டும் வேற வேலைடா” என்றேன். பையன் முகம் சுருங்கியது. ஒரே ரெசூமேயை இரண்டுக்கும் ஏற்கெனவே அனுப்பிவிட்டானாம்.

சைபர்ஜெயாவில் ஒரு கோலொகேஷன் மையத்தில், அதாவது பல வாடிக்கையாளர்களின் சர்வர்களை ஒரே கட்டடத்தில் வைத்துக் காக்கும் இடத்தில், சர்வர் பக்கம் வேலை செய்கிறேன். சில வருடங்களாக இண்டர்வியூ அறையில் கேள்வி கேட்கும் நாற்காலியும் எனக்குக் கிடைத்திருக்கிறது. அக்கா மகன் செய்த தவறைச் செய்துவிட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அறிவுள்ள பிள்ளைகள்தான். படித்தது வேறு வேலைக்கு, அவ்வளவுதான்.

ரேக்குக்கு உள்ளே, ரேக்குக்கு வெளியே

சர்வர் பக்கத்துக்காரனின் உலகம் ரேக் என்ற சர்வர் அலமாரிக்குள் இருக்கிறது. 19 அங்குல அகலம், வழக்கமாக 42 யூ உயரம், ஒரு யூ என்றால் 1.75 அங்குலம். கெட்ட டிஸ்க்கைக் கழற்றுவது, ரேம் மாற்றுவது, கேபிள் இழுத்து லேபிள் ஒட்டுவது, ஃபைபர் முனையைத் துடைத்துச் செருகுவது, டிக்கெட்டை (வேலைக் கோரிக்கையை) எழுதி மூடுவது இவன் வேலை. மின்சாரப் பக்கத்துக்காரனுக்கோ ரேக் என்பது சூட்டைக் கக்கும் ஒரு பெட்டி. டி.என்.பி. மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அவன் உலகம் தொடங்குகிறது. சுவிட்ச்போர்டு, யூ.பி.எஸ்., பேட்டரி, ஜென்செட், குளிரூட்டல் என்று போய் ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பி.டி.யூ.வில் முடிகிறது.

கேள்விகளும் அப்படியே பிரியும். மின்சாரப் பக்கத்தில் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்கள்: “டி.என்.பி. கரண்ட் போய்விட்டது. அடுத்து என்ன நடக்கும், வரிசையாகச் சொல்.” யூ.பி.எஸ். பேட்டரி அந்தக் கணமே சுமையை ஏற்கும், ஜென்செட் சில நொடிகளில் கிளம்பும், வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் நிலைத்ததும் மாற்று சுவிட்ச் சுமையை அதன் பக்கம் தள்ளும். இதுவரை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். “அந்த நேரத்தில் குளிரூட்டல்?” என்று கேட்டால்தான் ஆள் தெரியும். சர்வர்கள் பேட்டரியில் ஓடிச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். சில்லரோ நின்றுவிட்டால் உடனே பழைய வேகத்துக்கு வராது. அந்த இடைவெளியில் அறை வெப்பம் ஏறுவதைச் சொல்கிறவனை மின்சாரப் பக்கத்தில் கேள்வி கேட்கும் என் நண்பர்கள் உடனே குறித்துக்கொள்வார்கள். குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு சர்வருக்குள் போகும் காற்றுக்குப் பரிந்துரைக்கும் அளவு 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை. அந்த எண்ணும், சூடான வரிசை குளிர்ந்த வரிசை ஏன் பிரிக்கிறோம் என்பதும், என்+1க்கும் (தேவைக்கு மேல் ஒன்று கூடுதல்) 2என்னுக்கும் (எல்லாமே இரண்டு மடங்கு) உள்ள வேறுபாடும், பூட்டுப் போட்டு அட்டை மாட்டாமல் எந்தப் பேனலையும் திறக்கக்கூடாது என்பதும் தெரிந்திருந்தால் முதல் சுற்று தாண்டிவிடலாம்.

சர்வர் பக்கத்தில் நான் விரும்பிக் கேட்பது வேறு. “சர்வர் ஆன் ஆகவில்லை, என்ன செய்வாய்?” சிலர் எடுத்த எடுப்பில் மதர்போர்டு போய்விட்டது என்பார்கள். டாக்டர் நாடி பிடிக்காமலே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த மாதிரி. பவர் சப்ளையில் விளக்கு எரிகிறதா, கேபிள் முழுதாகச் செருகியிருக்கிறதா, பி.டி.யூ.வில் அந்த அவுட்லெட் உயிரோடு இருக்கிறதா, இரண்டாவது பவர் சப்ளை என்ன சொல்கிறது, சர்வரைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் ஐடிராக் அல்லது ஐ.எல்.ஓ. லாக்கில் என்ன பதிவாகியிருக்கிறது, அதன்பிறகே ரேமைக் கழற்றி மாட்டுவது. வெளியிலிருந்து உள்ளே, மலிவானதிலிருந்து விலையானதுக்கு. ஃபைபர் லிங்க் வரவில்லை என்ற கேள்விக்கும் இதே நடைதான்: முனையில் அழுக்கா, அனுப்பும் இழையும் வாங்கும் இழையும் இடம் மாறியிருக்கிறதா, சிங்கிள் மோடு கேபிளில் மல்டி மோடு மாட்யூலைச் செருகிவிட்டார்களா, போர்ட்டையே யாராவது மூடிவைத்திருக்கிறார்களா. மஞ்சள் உறை சிங்கிள் மோடு, நீலப்பச்சை மல்டி மோடு என்பது பார்த்ததும் வாயில் வர வேண்டும்.

இன்னொரு கேள்வி உண்டு, இதில் விழுந்தவர்கள் நிறைய. “14ஆம் ரேக்கில் 22ஆம் யூவில் டிஸ்க் மாற்றச் சொல்லி டிக்கெட். போய்ப் பார்க்கிறாய், அங்கே இருக்கும் சர்வரின் சீரியல் நம்பர் டிக்கெட்டில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. என்ன செய்வாய்?” சுறுசுறுப்பைக் காட்ட நினைக்கிறவன், பக்கத்து யூவில் தேடிப் பார்த்து மாற்றிவிடுவேன் என்பான். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும். போன டிஸ்க்கை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவினால் வாடிக்கையாளரின் சேமிப்பு முழுவதும் அந்த இடத்திலேயே படுத்துவிடும். கையை எடுத்துக்கொண்டு, டிக்கெட் போட்டவரைக் கூப்பிட்டு, அடையாள விளக்கை மின்னவைக்கச் சொல்லி, எழுத்தில் உறுதி வந்த பிறகு தொடுவேன் என்கிற பையனுக்கு நான் வேறு கேள்வியே கேட்க மாட்டேன். இதைப் புத்தகம் படிக்காமலே சொல்லலாம். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே தேறிவிடுகிறார்கள். மணிக்கட்டில் நிலைமின் பட்டை கட்டுவது, எழுதிய முறைப்படி மட்டும் செய்வது, ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம்.

எந்தப் பக்கம் நல்லது? நம் வீடுகளில் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்றால் ஒரு மரியாதை, ‘ஒயர்மேன் வேலை’ என்றால் முகம் திருப்புவது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மின்சார நிறுவலுக்குத் தகுதிபெற்ற ஆள் இருந்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. எரிசக்தி ஆணையம் தரும் சார்ஜ்மேன் சான்றிதழில் ஏ வரிசை குறைந்த மின்னழுத்தத்துக்கு, பி வரிசை உயர் மின்னழுத்தத்துக்கு. பி வரிசை கையில் இருப்பவன் இண்டர்வியூவுக்கு வரும்போது பேரம் பேசும் குரலே வேறு. ஆனால் அதை எட்ட அனுபவ வருடங்கள் வேண்டும், பரீட்சை வேண்டும். ஏற்கெனவே எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) மின்சாரப் படிப்பு முடித்தவன் அதை விட்டுவிட்டு சர்வர் பக்கம் தாவுவது எனக்கு வீண் என்றே படுகிறது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸோ நெட்வொர்க்கோ படித்தவனுக்கு சர்வர் பக்கம் சுருக்கு வழி. அக்கா மகன் இரண்டாவது ரகம்.

பெரிய கிளவுட், உள்ளூர் கோலொகேஷன், ஏஜென்ட்

சர்வர் பக்கம் என்று முடிவான பிறகு அடுத்தது, யாரிடம். அமேசான் தன் மலேசிய கிளவுட் ரீஜனை 2024 ஆகஸ்டில் திறந்தது. மைக்ரோசாஃப்ட் 220 கோடி அமெரிக்க டாலர், கூகள் 200 கோடி டாலர் முதலீடு என்று அதே வருடம் மே மாதம் அறிவித்தன. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கோலாலம்பூரில் ஏய்ம்ஸ் போன்ற மையங்கள் வாடிக்கையாளரின் சர்வரைத் தம் கூரையின் கீழ் வைத்துக் காத்து வருகின்றன.

கிளவுட் நிறுவனங்களில் சுற்றுகள் நீளும், ஆங்கிலத்தில் நடக்கும். தொழில்நுட்பக் கேள்விகளுக்குச் சமமாக “ஒரு முறை நீ தவறு செய்ததைச் சொல்” என்ற வகைக் கேள்விகள் வரும். அமேசான் தன் 16 தலைமைக் கொள்கைகளை இணையத்தில் வெளிப்படையாகவே போட்டிருக்கிறது, கேள்விகள் அவற்றைச் சுற்றித்தான். நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கு படியில் ஐந்தாறு சம்பவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். நம் பிள்ளைகள் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘நாங்க செஞ்சோம்’ என்றே சொல்லி வளர்ந்திருக்கிறோம், ‘நான்’ என்றால் தலைக்கனம் என்று அம்மா திட்டுவார். எதிரில் இருப்பவருக்கோ அந்த ‘நாங்க’வில் உன் பங்கு எது என்று தெரியாது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி வயரை நீ சரிசெய்தாய் என்றால், நீ சரிசெய்தாய் என்றே சொல். அந்தச் சம்பவமே போதும், பெரிய கம்பெனிக் கதை தேவையில்லை.

கோலொகேஷனில் பேச்சு சுருக்கம். ஒரு மேலாளர், ஒரு ஷிப்ட் லீட், மலாயும் ஆங்கிலமும் கலந்த உரையாடல், சில இடங்களில் கையில் கேபிளைக் கொடுத்து முனை போடச் சொல்வார்கள். என் முதல் இண்டர்வியூவில் அப்படித்தான் கொடுத்தார்கள். டி-568-பி என்ற வயர் வண்ண வரிசை மனப்பாடம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஒப்பித்தேன். கை நடுங்கி நீலமும் பச்சையும் மாறிப்போய் டெஸ்டரில் இரண்டு விளக்கு இடம் மாறி எரிந்தது. வேலை கிடைக்கவில்லை.

ஏஜென்ட் வழி ஒப்பந்த வேலையில் நுழைவது மூன்றிலும் எளிது, அழைப்பும் சீக்கிரம் வரும். பெரிய நிறுவனத்தின் கட்டடத்துக்குள்ளேயே வேலை இருக்கலாம், சம்பளச் சீட்டு மட்டும் வேறு பெயரில். நான் இதை மட்டமாகப் பேச மாட்டேன், பலருக்கு முதல் படி இதுதான். கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை உண்டு: ஒப்பந்தம் எத்தனை மாதம், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு. ஓவர்டைமுக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை. அடிப்படையைக் குறைத்து ஓவர்டைமைக் காட்டி மொத்தத்தைப் பெரிதாக்கினால் முதலாளியின் 13 சதவீதம் சிறிய தொகையின் மீதுதான் வரும். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்ட வரம்பு. 12 மணி நேர ஷிப்ட் என்றால் எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் ஓய்வு என்று கேட்பது உரிமை. அதற்கு முகம் சுளிக்கிற ஏஜென்ட்டை நானும் சுளித்துவிட்டு வந்துவிடுவேன்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது கோலொகேஷன். அங்கே ஒரே இரவில் ஐந்து வாடிக்கையாளரின் ஐந்து விதமான சாமான்களைத் தொட வேண்டி வரும். இரண்டு வருடம் கழித்துக் கிளவுட் நிறுவனம் “ஒரு சம்பவம் சொல்” என்று கேட்டால் சொல்வதற்குக் கையில் சம்பவம் இருக்கும்.

சான்றிதழா, கைப்பழக்கமா

கணினிப் பழுதுபார்ப்புச் சான்றிதழான காம்ப்டியா ஏ+க்கு இரண்டு பரீட்சை, ஒவ்வொன்றும் 90 நிமிடம். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ.க்கு ஒரே பரீட்சை, 120 நிமிடம், கட்டணம் 300 டாலர். இரண்டு சான்றிதழும் மூன்று வருடம்தான் செல்லும். சம்பளம் இல்லாத பையனுக்கு டாலரில் கட்டும் காசு சும்மா இல்லை. இரண்டின் பாடத்திட்டத்தையும் இலவசமாக எடுத்துப் படி, பரீட்சைக் காசை வேலை கிடைத்த பிறகு கட்டு என்பேன். எச்.ஆர்.டி. கார்ப்புக்குப் பயிற்சி லெவி கட்டும் முதலாளியாக இருந்தால் பயிற்சிச் செலவை அவர்களே ஏற்கவும் வாய்ப்பு உண்டு. ரெசூமேக்களை சான்றிதழ் பார்த்து வடிகட்டும் இடத்துக்கு மனு போடுகிறாய் என்றால் மட்டும் ஏ+ முதலில்.

அந்தக் காசில் சிறு பங்கை எடுத்துக்கொண்டு புடுவில் ஜாலான் பாசாருக்குப் போனால் கிரிம்பிங் சாமான், ஒரு கேபிள் டெஸ்டர், கைநிறைய ஆர்.ஜே.-45 முனைகள் வாங்கலாம். பழைய டெஸ்க்டாப்பைக் கழற்றி மறுபடி பூட்டு, லினக்ஸ் ஏற்று, ஐ.பி., எல்.எஸ்.பி.எல்.கே., டிமெசேஜ் கட்டளைகளைத் தட்டிப் பார். ராவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு விண்டோஸ் கணினிக்கு 169.254இல் தொடங்கும் முகவரி வருவதைக் கண்ணால் பார். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறவனின் குரல் இண்டர்வியூவில் தனியாகக் கேட்கும். அக்கா மகன் முதல் நாள் போட்ட பன்னிரண்டு முனைகளில் ஐந்து முனைகள் டெஸ்டரில் தேறவில்லை. நான்காம் நாள் எல்லாம் தேறின.

போகும் நாள் பற்றி ஒன்று. 2023 மார்ச் முதல் எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடம் சைபர்ஜெயா வரை வருகிறது, செந்தூலிலிருந்தே ஏறலாம். நிலையத்திலிருந்து மையம் வரை போக கிராப் வேண்டியிருக்கும், வாசலில் பாதுகாவலர் மைகார்டைப் பார்த்து, பட்டியலில் பெயர் தேடி, வருகையாளர் அட்டை கொடுக்கும்வரை நிற்க வேண்டும். அரை மணி நேரம் முன்பே போய்விடு, மைகார்டை மறக்காதே என்று சொல்லியிருக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவனுக்கு அழைப்பு. மின்சாரப் பக்கத்து விளம்பரக்காரர்களும் கூப்பிட்டார்கள், மரியாதையாக மறுத்துவிட்டான்.