டெல்லிக் குளிரில் ஓர் ஏர் ப்யூரிஃபையர்: ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

மயூர் விஹாரில் மூன்றாவது மாடி வீடு. போன நவம்பரில் பையனுக்கு இரண்டு வாரமாக இருமல் நிற்காமல்போக, 13,000 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், சர்வீஸ் கதையும் வருவதால்.

முதலில் என் கூத்து. மூன்று நாள் ஓட்டியும் திரையில் காற்றிலுள்ள தூசியின் அளவைக் காட்டும் எண் 180-ஐ விட்டு இறங்கவே இல்லை, ஏமாந்துவிட்டோம் என்று திட்டிக்கொண்டே பின்மூடியைத் திறந்தால் ஃபில்டர் தன் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உறையைக் கிழித்த பிறகு, கதவைச் சாத்தி வைத்தால் அரை மணி நேரத்தில் 30-க்கு வந்துவிடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறைக்குப் போதும், ஹாலில் வைத்தால் கரண்ட் பில்தான் மிச்சம். வேகத்தைக் கூட்டினால் பழைய மிக்ஸி மாதிரி சத்தம்.

ஆனால் அந்த எண்ணை ரொம்ப நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் லேசர் சென்சார் தூசியை எண்ணும், தூசியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நான் கடுகு தாளித்தாலும் 200, கீழே வாட்ச்மேன் குளிருக்கு ப்ளைவுட் துண்டும் பால் கவரும் போட்டுக் கொளுத்தினாலும் அதே 200. (தாளிப்புப் புகை சுத்தம் என்று சொல்லவரவில்லை.) விறகோ டீசலோ பிளாஸ்டிக்கோ அரைகுறையாக எரியும்போது வரும் கரித்துகளில் பிஏஎச் என்ற வேதிப்பொருள் கூட்டமே ஒட்டிக்கொண்டு நுரையீரலுக்குள் போகிறது. அதில் பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருக்கிறது, 2013-இல் காற்றில் மிதக்கும் துகள்களையும் அதே பிரிவில் சேர்த்தார்கள். நம் நாட்டின் 2009 காற்றுத் தரநிலையில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், பென்சோபைரீனுக்கோ வெறும் 1 நானோகிராம், அதாவது நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதைக் காட்டும் திரை எந்த வீட்டு மெஷினிலும் நான் பார்த்ததில்லை.

சரி, இந்த மெஷின் அதையெல்லாம் பிடித்து வைக்குமா? பென்சோபைரீன் மாதிரி கனமானவை பெரும்பாலும் துகளோடுதான் ஒட்டியிருக்கும் என்பதால் இதிலிருக்கும் ஹெபா என்ற நுண்துகள் ஃபில்டரில் மாட்டிக்கொள்ளும். நாஃப்தலீன் மாதிரி லேசானவை, அதாவது பாச்சை உருண்டை வாசனை, வாயுவாகவே நழுவிவிடும், அதற்கு வாயுவை உறிஞ்சும் கார்பன் ஃபில்டர் வேண்டும். இதில் கார்பன் என்று இருப்பது கொசுவலை மாதிரி ஒரு மெல்லிய தகடு, இரண்டே மாதத்தில் புகை நாற்றம் அறைக்குள் வர ஆரம்பித்தது. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 99.97 சதவீதம் 0.3 மைக்ரான் துகளுக்கான கணக்கு, வாயுவுக்கு இல்லை.

வெள்ளையாக வந்த ஃபில்டர் ஆறு மாதத்தில் அடுப்புக்கரி நிறம். சர்வீஸ் ஆள் வந்தார், ஃபில்டரைக் கழற்றி பால்கனிச் சுவரில் நாலு தட்டு தட்டினார், காய்ந்துகொண்டிருந்த பையனின் யூனிஃபார்ம் மேலெல்லாம் கறுப்புப் பொடி. இன்னும் ஆறு மாசம் ஓடும் சார் என்றார். எதைப் பிடித்து வைக்கக் காசு கொடுத்தேனோ அதைத் துணியிலேயே கொட்டிவிட்டுப் போனார். பழைய ஃபில்டரை வாய்கட்டிய பையில் போட்டு எறிந்தேன், புதுசு 2,900 ரூபாய், வர மூன்று வாரம்.

அப்புறம் காலனியில் பேசி வாட்ச்மேனுக்கு 1,100 ரூபாய்க்கு ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுத்தோம். இந்தக் குளிரில் ராத்திரி எண் பாதியாகிவிட்டது. மெஷினுக்கு மூன்று ஸ்டார், ஹீட்டருக்கு ஐந்து.