அண்டர்கிரவுண்ட் ரூம் கசிவை அடைக்கிறேன்னு 1,85,000 ரூபாயை ஏமாத்திட்டான். அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

1,85,000 ரூபாய். இதை எழுதும்போதும் கீழே மோட்டார் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

எங்களுக்குக் கும்பகோணத்துல பாத்திரக்கடை. கடைக்குக் கீழே அப்பா கட்டின அண்டர்கிரவுண்ட் ரூம்தான் குடோன். வடக்கே காவேரி, தெற்கே அரசலாறு, ரெண்டுக்கும் நடுவுல ஊர். ஆத்துல தண்ணி ஓட ஆரம்பிச்சா ஊத்து ஏறும், சுவர் ஓரமா ஈரம் தெரியும். துடைச்சுத் துடைச்சே வருஷத்தை ஓட்டினோம். போன ஐப்பசி மழையில கணுக்கால் அளவு நின்னுடுச்சு. இந்தத் தடவை சரியா பண்ணிடணும்னு, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப்ல பதிவு பண்ணினேன். அவங்க அனுப்பின ஆளோட பேருக்குப் பக்கத்துல 'சரிபார்க்கப்பட்டவர்'னு பச்சை டிக் போட்டிருந்துச்சு.

சித்திரை வெயில்ல வந்தான். முப்பது வயசு இருக்கும். ஈரம் பார்க்கிற மிஷினைச் சுவர்ல வச்சுச் சிவப்பு லைட்டைக் காட்டினான். பூத்திருந்த உப்பை நகத்தால சுரண்டி, "அண்ணே, சுவரும் தரையும் சேர்ற இடம்தான் வீக். அங்க துளை போட்டு நாசில் வச்சு, பிரஷர்ல கெமிக்கல் ஏத்தணும். அப்புறம் மூணு கோட்டு"ன்னான். பேச்சு அத்தனையும் சரியான பேச்சு. அம்மா காபி கொடுத்தாங்க. டம்ளரை அவனே கழுவி வச்சான். "மேட்டூர்ல ஜூன் 12 திறந்துட்டா நாலஞ்சு நாள்ல கல்லணை, அப்புறம் நம்ம ஆறு. தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்மா"ன்னான். அங்கதான் நான் விழுந்தேன். நம்ம பயம் என்னன்னு தெரிஞ்ச ஆளு, நம்ம ஊர்க்காரன்னு நினைச்சேன்.

"ஆப் மூலமா கட்டினா ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும்ணே, நேரா எனக்கே ஜிபே பண்ணிடுங்க"ன்னான். பண்ணேன். முதல்ல 85,000, நடுவுல 60,000, முடிச்சதும் 40,000. தினம் தராசு பார்த்துப் பழகின கை, ஒரு காகிதம்கூட ஒழுங்கா வாங்கல. வாட்ஸ்அப்ல ஒரே வரி: 'பேஸ்மட்டம் வாட்டர் ப்ரூஃப், 10 வருஷ கேரண்டி.'

வைகாசியில வேலை முடிஞ்சது. ரூமுக்குள்ள ரெண்டு குடம் தண்ணியை ஊத்தி, "பாருங்க, சொட்டு இறங்கல"ன்னு காட்டினான். தண்ணி வெளியிலேருந்து உள்ளே வர்ற சுவருக்கு, உள்ளே ஊத்திப் பார்த்து என்ன தெரியும்? அப்ப எனக்கு இது உறைக்கல.

ஆடி 18 அன்னைக்கு ஊர் சனமெல்லாம் சக்கரப் படித்துறையில. நான் பக்கெட்டோட கீழே. வெள்ளைப் பூச்சு அப்பளமா உப்பி நிக்குது. விரல் வச்சா உடைஞ்சு உள்ளேருந்து தண்ணி வழியுது. சுவர் ஓரம் இருந்த நாசில் ஒண்ணைப் பிடிச்சு இழுத்தேன், கையோட வந்துடுச்சு. பின்னாடி துளையே இல்ல. பட்டியை அப்பி, மேலாக ஒட்டி வச்சிருக்கான். மொத்தம் பதினெட்டு நாசிலையும் இழுத்துப் பார்த்தேன். நாலுக்குத்தான் துளை இருந்துச்சு. அடுக்கி வச்சிருந்த அட்டைப்பெட்டியெல்லாம் கூழாகி, ஆவணிக் கல்யாணத்துக்குன்னு எடுத்த பித்தளைக் குத்துவிளக்கு அத்தனையும் களிம்பு பிடிச்சுப் பச்சையா நிக்குது.

போன் பண்ணினா முதல் நாள், "உள்ள இருந்த ஈரம் வெளியேறுதுண்ணே, நல்லதுதான்". மறுநாள், "சைட்ல இருக்கேன்". அதுக்கப்புறம் ஒரு பொண்ணு எடுத்து, "சார் வெளியூர்". கடைசியா அவனே பேசினான்: "கேரண்டி பேஸ்மட்டத்துக்குதானேண்ணே? நம்ம ஊர்ல பேஸ்மட்டம்னா தரைக்கு மேல கட்டுறது. அது நனையலையே?" கொத்தனார் பாஷையில அது உண்மைதான். அந்த வார்த்தையைத் தெரிஞ்சேதான் எழுதியிருக்கான். என் 1,85,000 அந்த ஒரு வார்த்தைக்குள்ள போயிடுச்சு.

ஆப்காரங்க இன்னும் மோசம். நாலு நாள்ல மூணு புகார் எண் கொடுத்தாங்க. "ஆப்புக்கு வெளியே செலுத்திய தொகைக்கு நாங்கள் பொறுப்பல்ல"ன்னு ஒரே பதிலை மூணு தடவை அனுப்பினாங்க. அந்தப் பச்சை டிக்கை வச்சது யாரு? அதைப் பார்த்துத்தானே வீட்டுக்குள்ள விட்டேன்? அதுக்குப் பதில் இல்ல. ஆப்ல சாட்டிங்கை முடிக்கும்போது, எங்க சேவை பிடிச்சிருந்துச்சான்னு ஸ்டார் கேட்டாங்க. அம்மா பக்கத்துல இருந்தாங்க, இல்லேன்னா போனை உடைச்சிருப்பேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சாச்சு. அடுத்து தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் இல்லாம நாமளே பேசலாம். ஜிபே ரசீது, நாசில் படம் எல்லாம் எடுத்து வச்சிருக்கேன்.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், முடியல. இவ்வளவுதான்: ஆப்ல வந்த ஆளுக்குத் தனியா பணம் அனுப்பாதீங்க. கோடையில காய்ஞ்ச சுவரைப் பார்த்து முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க, பாதியையாவது ஆத்துல தண்ணி வந்து சுவர் தாங்குற வரைக்கும் கையில வைங்க. பில்லுல 'தரைக்குக் கீழே உள்ள ரூம், சுவர், தரை'ன்னு தமிழ்ல எழுதி வாங்குங்க. துளை போடும்போது பக்கத்துலயே நில்லுங்க.

அவன் இப்ப மயிலாடுதுறைப் பக்கம் வேலை பிடிக்கிறதா கேள்வி. அங்க யார் வீட்டுக்காவது வந்து "தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிடுவோம்மா"ன்னா, வாசலோட அனுப்பிடுங்க.