‘ஓரிரு இடங்களில்’ என்றால் யார் வீட்டு இடம்? வானிலை அறிவிப்பை நம்பிப் பால் வெட்டுகிறவனின் விமர்சனம்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் எங்களுக்குச் சின்ன ரப்பர் தோட்டம், 250 மரம் இருக்கும். விடியும் முன்னே மரப்பட்டையைக் கீறி வெட்டிவிட்டு வந்தால் பால் சொட்டி முடிய இரண்டு மூன்று மணி நேரமாகும், நடுவில் ஒரு மழை விழுந்தால் பால் பிடிக்கிற சிரட்டையில் பாதி வெள்ளம்தான். (எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். டிவியில் ‘வெள்ள அபாயம்’ என்று ஓடினால் என் அம்மை இன்னும் ஒரு நொடி யோசிப்பாள்.) அதனால் நாளைக்கு மழையா இல்லையா என்பது எனக்குக் காசு விஷயம்.

முதலில் போனோடு வந்த ஒரு ஆப்பைத்தான் நம்பினேன். போன ஐப்பசியில் ஒரு நாள் மழைக்கு வாய்ப்பு 10 சதவீதம், பக்கத்தில் சிரிக்கிற சூரியன். 250 மரத்தையும் வெட்டி முடித்து வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. அன்றைக்கே அழித்தேன். அப்புறம் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் இணையதளம், மௌசம் ஆப் என்று மாறினேன். இரண்டும் இலவசம்.

டெல்லியில் இருந்து வரும் அகில இந்திய அறிவிப்பு நம் தோட்டத்துக்கு இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டை 36 உட்பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒன்று. சென்னையும் எங்கள் பக்கத்துப் பேச்சிப்பாறையும் ஒரே வரியில் வந்தால் நான் என்ன முடிவெடுக்க? ஆனால் ‘குமரிக்கடல் பகுதியில் வளிமண்டல கீழடுக்கு சுழற்சி’ (மழையைக் கூட்டி வரும் காற்றுச் சுழல்) என்று அதில் ஒரு வரி வந்துவிட்டால் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன், இரண்டு நாளைக்கு வேலை கிடையாது.

‘ஓரிரு இடங்களில்’ என்பதை எல்லாரும் கிண்டல் பண்ணுகிறோம், நானும் பண்ணியிருக்கிறேன். ஆனால் அதற்கு அளவு உண்டு: மழை அளக்கிற நிலையங்களில் 25 சதவீதம் வரை பெய்தால்தான் அந்தச் சொல். ‘கனமழை’யும் வாய்க்கு வந்தது இல்லை, 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.5க்குப் போனால் அதி கனமழை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அறிவிப்பு எனக்கு வேறு மாதிரிப் புரிகிறது.

மாவட்ட வாரியான முன்னறிவிப்பில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பிடிக்காதது இதுதான், மாவட்டம் முழுக்க ஒரே நிறம். ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்கும், வெயில் அடிக்கும், அதே நேரம் பெருஞ்சாணிப் பக்கம் மலை கறுத்துக் கிடக்கும். சின்ன மாவட்டம்தான், ஆனாலும் மலை, வயல், கடற்கரை என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

எனக்கு உண்மையில் உதவுவது அடுத்த 3 மணி நேரத்துக்கான அறிவிப்பும் ரேடார் படமும்தான். திருவனந்தபுரம் ரேடார் படத்தைப் பாருங்கள், நமக்குச் சென்னையை விட அதுதான் பக்கம். காலை நான்கு மணிக்கு அதில் மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுகிறேன்.

குளிர் பற்றிச் சொன்னால், ‘பகல் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறையும்’ என்பது நாகர்கோவில்காரருக்கு நல்ல செய்தி. எனக்கு, பாலை உறையவைத்து அடித்த ரப்பர் ஷீட் காயாது, அவ்வளவுதான்.

வெள்ளத்துக்கு மட்டும் இந்த அறிவிப்பு போதாது. கூடவே அணை மட்டமும் பார்க்கணும், நிரம்பினால் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இரண்டும் நிரம்பி நிற்கும்போது வரும் ஆரஞ்சும், பாதி காலியாக இருக்கும்போது வரும் ஆரஞ்சும் ஒன்றில்லை. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று கேட்டாலே குழித்துறை ஆற்றோரத்தில் இருக்கிறவர்கள் சாமானை மேலே ஏற்றலாம்.

கடற்கரைக்காரர்களுக்கு ஒன்று. மழை அறிவிப்பு பச்சையாக இருந்தாலும் கடல் பச்சை என்று அர்த்தமில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது கள்ளக்கடல் (உள்ளூரில் காற்று இல்லாமலே திடீரென எழும் பெரிய அலை) எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். அந்த எச்சரிக்கை வருவது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தில் இருந்து, அது தனி இடம். கடலுக்குப் போகிறவர்களும் சும்மா கால் நனைக்கப் போகிறவர்களும் இரண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

மூன்று மணி நேர அறிவிப்புக்கு ஐந்துக்கு நாலரை. மாவட்ட நிறத்துக்கு மூன்று. அகில இந்திய அறிவிப்புக்கு இரண்டு, அதுவும் குமரிக்கடல் வரிக்காக.